உர் நகரத்துப் புதைகுழி: சம்மதம் என்றொரு கதை

ஒரு வெள்ளி நாடாவிலிருந்து தொடங்கலாம்.

தெற்கு ஈராக்கில் நசீரியாவுக்குப் பக்கத்தில் தெல் அல்-முகையர் என்றொரு மேடு இருக்கிறது. பண்டைய உர் நகரம் அதுதான். 1922 முதல் 1934 வரை லியோனார்ட் வூலி என்ற ஆங்கிலேயர், லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காகவும் பிலடெல்பியாவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மியூசியத்துக்காகவும் அதைத் தோண்டினார். தோண்டிய குழிகளில் ஒன்றுக்கு பி.ஜி. 1237 என்று எண். கி.மு. 2500 வாக்கில் மூடப்பட்ட அந்தக் குழிக்குள் 74 உடல்கள். 68 பெண்கள், 6 ஆண்கள். பெண்கள் தலையில் நாடா சுற்றியிருந்தார்கள். சிலருக்குப் பொன், மற்றவர்களுக்கு வெள்ளி. வெள்ளி நாலாயிரத்துச் சொச்சம் வருஷம் மண்ணில் தாங்குமா? அரித்துப் போய் மண்டையோட்டின் மேல் ஊதாச் சாயம்போல ஒரு தடம்தான் மிச்சமாகியிருந்தது. ஒருத்தி தலையில் மட்டும் நாடாவும் இல்லை, தடமும் இல்லை. அவள் இடுப்பருகே வட்டமாக ஏதோ கிடந்தது. சுத்தம் செய்து பார்த்தால், இறுகச் சுருட்டிய வெள்ளி நாடா. மடியிலோ பையிலோ வைத்திருந்திருக்கிறாள். துணி மூடிக் காத்ததால் அது மட்டும் அரிக்காமல் தப்பியிருக்கிறது.

ஏன் கட்டவில்லை? வூலி சொன்ன பதில் பிரசித்தம். அவள் தாமதமாகக் கிளம்பியிருக்க வேண்டும், சடங்குக்கு நேரமாகிவிட்டதால் நாடாவைக் கட்டிக்கொள்ள அவகாசமில்லை. தொண்ணூறு வருஷத்துக்கு மேலாக இந்த விளக்கத்தை எல்லோரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முதலில் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டுக்குப் பிந்தி ஓடிவருகிற பெண்ணைப் போல ஒரு சித்திரம். பிறகுதான் உறுத்தியது. சாவுக்குழிக்குள் இறங்குகிற ஒருத்தி அலங்காரத்தை முடிக்காமல் போனதற்குத் தாமதம் ஒன்றுதானா காரணமாக இருக்க முடியும்? பயம் இருக்கக் கூடாதா? மறுப்பு இருக்கக் கூடாதா? இந்தக் கேள்விகளுக்கு விடை என்னிடம் இல்லை, வூலியிடமும் இருந்திருக்காது. ஆனால் அவருக்குக் கேள்வியே எழவில்லை என்பதுதான் விஷயம். ஏன் எழவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வூலியின் கதையாடலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அரசனோ அரசியோ இறந்ததும் பெரிய குழி வெட்டுகிறார்கள். உடலைக் கல்லறைக்குள் வைத்து அடைக்கிறார்கள். சரிவுப் பாதை வழியாக ஊர்வலம் இறங்குகிறது: காவலர்கள், இசைப்பவர்கள், வண்டியோட்டிகள், பணிப்பெண்கள். அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு சிறு கிண்ணம். பெரிய செப்புப் பாத்திரத்தில் நஞ்சு கலந்த பானம். மொண்டு குடித்துவிட்டு அமைதியாகப் படுத்துக்கொள்கிறார்கள். பிறகு யாரோ இறங்கி வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிட்டுப் போக, மேலே மண் விழுகிறது. இதற்கு வூலி காட்டிய சான்று உடல்களின் ஒழுங்கு. வரிசை கலையவில்லை, தலையணிகள் நழுவவில்லை, திமிறிய அடையாளம் இல்லை. ஆகவே பலாத்காரம் இல்லை. ஆகவே விருப்பத்தோடுதான் செத்தார்கள்; தங்கள் அரசனுக்கு மறு உலகத்திலும் பணிவிடை செய்யப் போனார்கள்.

இந்த இரண்டு 'ஆகவே'களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பிணங்கள் ஒழுங்காகக் கிடந்தன என்பது, கடைசியில் அவற்றை யாரோ ஒழுங்காகக் கிடத்தினார்கள் என்பதற்கு மட்டுமே சான்று. அந்த 'யாரோ' வூலியின் எழுத்திலேயே இருக்கிறார். வண்டிமாடுகள் வண்டியோட்டிகளின் உடல்களுக்கு மேலே விழுந்து கிடந்ததால், ஆட்கள் இறந்தபின் மாடுகளைக் கொன்றவர்கள் இருந்திருக்க வேண்டும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொல்கிறார். மாட்டைக் கொன்றவன் மனிதனைத் தொட்டிருக்க மாட்டான் என்று எப்படி நம்பினார்?

நம்புவதற்கு அவருக்குக் காரணங்கள் இருந்தன. 1920இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈராக்கில் பெரும் கலகம் நடந்தது. வானத்திலிருந்து குண்டு போட்டும் தரைப்படையை ஏவியும் அடக்கினார்கள். இரண்டே வருஷத்தில் வூலியின் கூடாரம் உரில் எழும்புகிறது. மக்கள் தங்கள் மன்னனுக்கு விரும்பிக் கீழ்ப்படிகிறார்கள் என்ற கற்பனை அன்றைய ஏகாதிபத்திய அதிகாரிக்கு எவ்வளவு இதமானது என்று சொல்ல வேண்டியதில்லை. இதையே முழுக் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. வூலி நேர்மையான உழைப்பாளி. அவர் காலத்தில் அவரளவு நுணுக்கமாக மண்ணைப் படித்தவர்கள் குறைவு. மக்கிப்போன மரக்கருவி விட்டுச்சென்ற வெற்றிடத்துக்குள் சாந்தை ஊற்றி யாழின் வடிவத்தை மீட்ட ஆள். மரம் இருந்த வெற்றிடத்தைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மனுஷியின் வெற்றிடம் தெரியவில்லை.

அவரிடம் வேலை செய்தவர்களின் கதையும் இங்கே சேரும். முதல் பருவத்திலேயே பொன்மணிகள் தட்டுப்பட்டன. ஆனால் பணியாட்களுக்குப் பழக்கம் போதாது என்று சொல்லி, அந்த இடுகாட்டை 1926 வரை தொடாமல் காத்திருந்தார். நல்ல முடிவுதான். காரணங்களில் ஒன்று, மணிகள் காணாமல் போனது. அதற்கு அவர் கண்ட வழியை அவரே ரசித்து எழுதியிருக்கிறார். கண்டெடுக்கும் மணிக்கு, உள்ளூர்த் தட்டான் கொடுப்பதைவிட அதிகமாக பக்ஷீஷ் தருவதாக அறிவித்தார். உடனே மணிகள் 'கிடைக்க' ஆரம்பித்துவிட்டன. ஆட்கள் நசீரியாவுக்குப் போய், தட்டான்களிடம் விற்ற மணிகளைத் திரும்ப வாங்கிவந்து கொடுத்தார்கள்! இதைப் படிக்கிறபோது அந்த ஆட்கள்மேல் எனக்கு மரியாதைதான் கூடுகிறது. பொருளின் பண்டமதிப்பு எங்கே எவ்வளவு என்பதை மியூசியத்துக்குச் சமமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். மேஸ்திரி ஷேக் ஹமூதி சிரியாவிலிருந்து வந்தவர், கார்க்கமிஷ் அகழ்வு நாட்களிலிருந்தே வூலியோடு இருந்தவர். அவர் மகன் யஹ்யாதான் உரின் புகைப்படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர். இவர்கள் பெயராவது மிஞ்சியது. கூடை சுமந்த நூற்றுக்கணக்கானவர்கள் படங்களில் அளவுகோலுக்கு நிற்கும் உருவங்களாக மட்டும் இருக்கிறார்கள்.

1928 ஜனவரி 4ஆம் தேதி ஒரு தந்தி பிலடெல்பியாவுக்குப் போகிறது. விஷயம்: குலையாத அரசி கல்லறை ஒன்று கிடைத்துவிட்டது. மொழி: இலத்தீன். தந்தி ஆபீசில் யாரும் படித்துவிடக் கூடாது அல்லவா! அரசியின் பெயரை அப்போது ஷுபத் என்று படித்தார்கள். இன்று அதே குறிகளை அக்காதிய மொழிப்படி பூ-அபி என்று படிக்கிறார்கள். அவளுடைய உருளை முத்திரையில் பெயரும் 'அரசி' என்ற பட்டமும் இருக்கின்றன. இன்னார் மனைவி என்று இல்லை. அந்தக் காலத்துப் பெண் ஒருத்தி கணவன் பெயர் சேர்க்காமல் முத்திரை வைத்திருந்தது பெண்ணிய வாசிப்புக்கு உவப்பான விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அவள் காலடியிலும் வெளியே குழியிலும் கிடந்த பெண்களை அந்த வாசிப்பில் எங்கே வைப்பது? பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பூ-அபியையும் நாடாக்காரியையும் ஒன்றாகப் போட முடியாது.

பூ-அபியின் தலையணியைப் பார்க்காதவர்கள் குறைவு. பொன் இலைகள், பொன் பூக்கள், நீலக்கல், சிவப்புக் கார்னீலியன். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். அதை மாட்டுவதற்குத் தலை வேண்டுமே! ராணியின் மண்டையோடு நொறுங்கியிருந்தது. வூலியின் மனைவி காதரைன், பழங்காலத்துப் பெண் வேறொருத்தியின் மண்டையோட்டை அச்செடுத்து, அதன்மேல் மெழுகால் முகம் சமைத்து, அதில் தலையணியைச் சூட்டினார். அந்த முகம்தான் ராணியின் முகமாக உலகம் முழுக்கப் பிரசுரமானது. பெயரில்லாத ஒருத்தியின் எலும்பு, பெயருள்ளவளின் நகைக்குத் தாங்கியாகியிருக்கிறது.

இதே காதரைனை வைத்துத்தான் அகதா கிறிஸ்டி 1936இல் 'மர்டர் இன் மெசபடோமியா' எழுதினார் என்று சொல்வார்கள். கிறிஸ்டி உருக்கு வந்தவர். வூலியின் உதவியாளர் மாக்ஸ் மாலோவனை அங்கேதான் சந்தித்து மணந்தார். நாவலில் அகழ்வுத் தலைவரின் மனைவி கொல்லப்படுகிறாள். எப்படி? தலையில் கனமான கல் விழுந்து. துப்பறிய ஹெர்க்யூல் பொய்ரோவே வந்து சேர்கிறார். பக்கத்துக் குழியில் 74 பேர் எப்படிச் செத்தார்கள் என்று விசாரிக்க ஒரு பொய்ரோ வரவில்லை. வர எண்பது வருஷம் ஆயிற்று.

மண்ணின் பாரத்தில் உர் மண்டையோடுகள் தட்டையாக நசுங்கிக் கிடந்தன. பெரும்பாலான எலும்புகளை வூலி எடுத்து வைக்கவில்லை. அணிகளும் தலைக்கவசமும் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்த சில தலைகளை மட்டும், மெழுகு ஊற்றி இறுக்கி மண்ணோடு பெயர்த்தெடுத்தார். எலும்புக்காக அல்ல, எலும்பில் ஒட்டிய நகைக்காக. நகை எந்த வரிசையில் எந்தக் கோணத்தில் சூடப்பட்டது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. அப்படிப் போன இரண்டு தலைகள் பிலடெல்பியாவில் இருந்தன. ஒன்று பி.ஜி. 1237இல் கிடந்த இளம்பெண்ணுடையது. இன்னொன்று 63 பேர் கிடந்த பி.ஜி. 789 என்ற குழியின் வாசலில் செப்புத் தலைக்கவசத்தோடு கிடந்த காவலனுடையது. 2009இல் இவ்விரண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். முடிவுகள் 2011இல் 'ஆன்டிக்விட்டி' ஆய்விதழில் வெளியாயின. பெண்ணின் மண்டையில் ஒரு துளை. காவலனுடையதில் இரண்டு. துளையைச் சுற்றி விரிசல்கள் கதிர்போல ஓடுகின்றன. உயிருள்ள எலும்பும் காய்ந்த எலும்பும் உடைகிற விதம் வேறு. இது உயிர் இருந்தபோதோ போன கணத்திலோ பட்ட அடி. கூர்முனைக் கோடரி போன்ற ஆயுதம். அத்தோடு எலும்பில் சூடுபட்ட தடமும் பாதரசச் சேர்மத்தின் தடமும். பல நாள் சடங்குக்குப் பிணம் கெடாமல் இருக்கப் பக்குவம் செய்து, பிறகு உடுத்தி, நகை பூட்டி, இடம் பார்த்துக் கிடத்தியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இரண்டு தலைகள்தான் சோதிக்கப்பட்டன. இதை வைத்து எல்லோரையும் கோடரியால்தான் கொன்றார்கள் என்று ஓங்கிச் சொல்வது, வூலி செய்த தவறைத் தலைகீழாகச் செய்வது. சிலர் நஞ்சு குடித்திருக்கலாம். சிலர் உண்மையிலேயே விரும்பியிருக்கலாம். வூலியின் கிண்ணங்கள் பொய்யல்ல, கிடந்தனதான். ஆனால் ஒன்று மட்டும் இனிச் செல்லாது: அமைதியாகக் கிடந்தார்கள், ஆகவே அமைதியாகச் செத்தார்கள் என்ற வாதம். அந்த அமைதி செய்யப்பட்ட பொருள். யாழைச் செய்த மாதிரி, பொன் இலையைச் செய்த மாதிரி, அதையும் செய்திருக்கிறார்கள்.

இந்தக் கோணத்தில் பார்த்தால் குழியின் பொருளே மாறிவிடுகிறது. பி.ஜி. 1237 முதலில் ஒரு காட்சியரங்கு. பெண்களை வரிசை வரிசையாகக் கிடத்தி, ஒரு பக்கம் யாழ்களை வைத்து, வாசலில் ஆயுதத்தோடு ஆண்களைப் போட்டு, நகைகளைச் சரிசெய்து, மேலே நின்று பார்த்திருக்கிறார்கள். அதிகாரம் தன்னைத்தானே காட்சிக்கு வைத்துக்கொண்ட இடம். நாம் இன்று மியூசியக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கொளியில் பார்ப்பது அந்தப் பழைய காட்சியின் மறுபதிப்பு. முதல் காட்சியை அமைத்தவர்கள் காயத்தைத் தலையணிக்குக் கீழே மறைத்தார்கள். இரண்டாவது காட்சியை அமைத்தவர்கள் தலையணியை மட்டும் எடுத்துக்கொண்டு தலையைப் பெட்டியில் வைத்தார்கள்.

கிராம்சியைப் படித்தவர்கள் இங்கே குறுக்கிடலாம். மேலாண்மை என்பது வன்முறை மட்டுமல்ல, சம்மதமும் சேர்ந்ததுதானே, நீ சம்மதத்தைச் சுத்தமாகத் துடைத்துப் போடுகிறாயே என்று. நியாயமான கேள்வி. தொல்லியலாளர் சூசன் போலக் இந்தப் பக்கத்திலிருந்துதான் பிரச்சினையை அணுகுகிறார். இவர்கள் அரண்மனை, கோயில் போன்ற பெருங்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சோறு, துணி, வேலை, அடையாளம் எல்லாம் அந்தக் குடும்பம் கொடுத்ததுதான். அது சாகிறபோது கூடச் சாவது இயல்பு என்று நம்பப் பழக்கப்பட்டிருப்பார்கள் என்கிற வாதத்தில் வலு இருக்கிறது. 2003இல் வெளியான எலும்பாய்வு ஒன்று, இவர்களில் சிலரிடம் சிறுவயது முதலே கடும் உடலுழைப்பு செய்த தடங்கள் இருப்பதைச் சொல்கிறது. பொன் நாடா கட்டியவர்களெல்லாம் சொகுசுக்காரிகள் அல்ல. நகை அவர்களுடையதாகவும் இருந்திருக்காது. அப்படியானால் சம்மதம் என்கிற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? மறுத்தால் போக வேறு இடம் இருக்கிறவர் தருவதுதான் சம்மதம். 1987இல் ராஜஸ்தானின் தியோராலாவில் 18 வயது ரூப் கன்வர் கணவன் சிதையில் எரிந்தபோது 'அவளாக விரும்பித்தான்' என்று ஊரே சொன்னது. நமக்கு இந்த வாக்கியம் புதிதல்ல. உயிரோடு இருப்பவர்கள்தான் அதை எப்போதும் சொல்கிறார்கள்.

உரிலேயே கிடைத்த 'உர் ஸ்டாண்டர்ட்' என்ற பெட்டியையும் இத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் போர், மறுபக்கம் விருந்து. விருந்துப் பக்கத்தின் மேல் வரிசையில் அரசன் மற்றவர்களைவிடப் பெரிதாக உட்கார்ந்து குடிக்கிறான். யாழ் வாசிப்பவர் ஓரத்தில் நிற்கிறார். கீழ் வரிசைகளில் மாடு, மீன், ஆடு, முதுகில் மூட்டை. போர்ப் பக்கத்தின் மேல் வரிசையில் நிர்வாணக் கைதிகள். அரசன் தலை படத்தின் சட்டத்தையே முட்டிக்கொண்டு மேலே போகிறது. கட்டாயமும் கொண்டாட்டமும் ஒரே பெட்டியின் இரு பக்கம் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருந்தது.

கண்டெடுத்தவற்றைப் பங்கு பிரித்த கதை தனி. பிரிட்டிஷ் பாதுகாப்பு ஆட்சியின்கீழ் கெர்ட்ரூட் பெல் வகுத்த 1924 தொல்பொருள் சட்டப்படி பாதி ஈராக்குக்கு. மீதியை லண்டனும் பிலடெல்பியாவும் பிரித்துக்கொண்டன. புதர்மேல் முன்காலை ஊன்றி நிற்கும் ஆட்டுச் சிலைகள் இரண்டு 1237இல் ஜோடியாகக் கிடைத்தன. ஒன்று லண்டனில், இன்னொன்று பிலடெல்பியாவில். யாழ்களும் மூன்று நகரங்களுக்குச் சிதறின. பாக்தாத் மியூசியத்தை 1926இல் திறந்ததும் பெல்தான். 1934இல் தொல்பொருள் துறைக்குத் தலைமை ஏற்ற சாதி அல்-ஹுஸ்ரி, 1936இல் கடுமையான புதுச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அள்ளிக்கொண்டு போவது குறைந்தது. 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பாக்தாதுக்குள் நுழைந்தபோது அந்த மியூசியம் சூறையாடப்பட்டது. சுமார் 15,000 பொருட்கள் போயின. பொன் யாழின் மரச்சட்டத்தை உடைத்துப் போட்டார்கள். அதன் பொன் காளைத்தலை மத்திய வங்கியின் பாதாள அறையில் பத்திரமாக இருந்ததால் தப்பியது. உர் மேடு 2009 வரை அமெரிக்க விமானத்தளத்தின் வேலிக்குள் கிடந்தது. 'எங்களிடம் இருந்ததால்தான் பத்திரமாக இருக்கிறது' என்று மேற்கத்திய மியூசியக்காரர்கள் சொல்லும்போது, பாக்தாத்தில் பத்திரம் இல்லாமல் போகச் செய்தது யார் என்ற பாதி வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

சரி, நம்மவர்கள் பக்கம் வருவோம். 'உர்' என்று நான் எழுதுவதைப் பார்த்து, அது 'ஊர்' அல்லவா, தமிழ்ச் சொல் அல்லவா என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். சுமேரியத்தில் அந்நகரின் பெயர் உரிம். சுமேரியம் எந்த மொழிக்குடும்பத்திலும் சேராத தனிமொழி என்பதே மொழியியலாளர்களின் பொதுக் கருத்து. சுமேரியம் திராவிட மொழிதான் என்று நம்மிடையே எழுதப்பட்டிருப்பதையும் நான் அறிவேன். அந்த மொழியியல் வழக்கு கிடக்கட்டும். அப்படி உறவு கொண்டாடுகிறவர்கள் யாரோடு உறவு கொண்டாடுகிறார்கள்? சிகுரத்தைக் கட்டிய அரசனோடு. எழுத்தைக் கண்டுபிடித்த மேதையோடு. குழிக்குள் மண்டை உடைந்து கிடப்பவளை மூதாதை என்று யாராவது கோரியிருக்கிறார்களா? பழம்பெருமையின் வம்சாவளியில் கொல்லப்பட்டவர்களுக்கு இடம் கிடையாது.

துணைக்கண்டத்துக்கு இந்தக் குழியோடு உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது. அது மொழியில் இல்லை, கழுத்துமணியில் இருக்கிறது. மெசபடோமியாவின் வண்டல் மண்ணில் கல்லும் கிடையாது, பொன்னும் கிடையாது. நீலக்கல் ஆப்கானிஸ்தானத்து பதக்ஷானிலிருந்து வந்தது. நீண்ட கார்னீலியன் மணிகளும் வெள்ளைக்கோடு பொறித்த மணிகளும் சிந்துவெளிக் கைவேலை. சன்ஹுதாரோவில் அந்த மாதிரி மணிகளைச் செய்த பட்டறையே அகப்பட்டிருக்கிறது. ஒரு நீண்ட மணியைத் துளைபோட நாட்கணக்கில் ஆகும். எங்கோ சிந்துக்கரையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து நாள் நாளாகத் துளைத்த மணி, கடல் தாண்டிப் போய், உரில் ஒரு பணிப்பெண்ணின் கழுத்தில் ஏறி, அவளோடு குழிக்குள் இறங்கியிருக்கிறது. இரண்டு பேருடைய பெயரும் நமக்குத் தெரியாது.

பிலடெல்பியா மியூசியத்தின் பெட்டிகளைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 2018இல் அங்கே மத்தியக் கிழக்குக் காட்சிக்கூடம் புதிதாகத் திறக்கப்பட்டது. பூ-அபியின் தலையணிதான் அதன் மகுடம். மூன்றே வருஷத்தில், 2021 ஏப்ரலில், அதே நிறுவனம் இரண்டு விஷயங்களுக்கு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் இனங்களை ஏற்றத்தாழ்வாக அடுக்குவதற்காக சாமுவேல் மார்ட்டன் என்ற மருத்துவர் சேர்த்த, அடிமைகளின் மண்டையோடுகளும் அடங்கிய தொகுப்பை வைத்திருந்தது. மற்றது இன்னும் கொடுமை. 1985 மே 13 அன்று பிலடெல்பியா போலீஸ், 'மூவ்' என்ற கறுப்பினத்தவர் அமைப்பின் வீட்டின்மேல் ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டது. 5 குழந்தைகள் உள்பட 11 பேர் செத்தார்கள். அந்தச் சாவில் எஞ்சிய எலும்புகள் பல வருஷமாக இந்த மியூசியத்தில் இருந்து வந்திருக்கின்றன, குடும்பத்தாருக்குத் தெரியாது. உரின் எலும்புகளையும் இவற்றையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. காலம் வேறு, குற்றம் வேறு, உரின் எலும்பைக் கேட்டு வர உறவினரும் இல்லை. ஆனால் யாருடைய எலும்பு பெட்டிக்குள் போகும், யாருடையது போகாது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கை நம்மால் கவனிக்காமல் இருக்க முடியாது.

குழியில் நடந்ததைப் பற்றி அவர்களே எழுதி வைக்கவில்லையா? எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள், ஆடு கணக்கு பார்லி கணக்கெல்லாம் களிமண்ணில் அழுத்தி வைத்தவர்கள், இதைப் பற்றி ஏறக்குறைய மௌனம். 'கில்கமேஷின் மரணம்' என்ற சுமேரியக் கவிதையில் மட்டும் அவனோடு மனைவியர், பிள்ளைகள், இசைப்பவர், பானம் ஊற்றுபவர் எல்லாம் கல்லறையில் குறிப்பிடப்படுகிறார்கள். கூடவே புதைக்கப்பட்டார்களா, முன்னரே இறந்து அங்கே இருந்தார்களா என்பதில் அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அவ்வளவுதான் சாட்சி.

ஆனால் வேறொரு கணக்கு இருக்கிறது. உருக்கு வடக்கே லகாஷ் நாட்டில், கி.மு. 24ஆம் நூற்றாண்டில், லுகலண்டா என்ற அரசனின் மனைவி பரநம்தரா இறந்தாள். 1237ஆம் குழி மூடப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கும். பரநம்தரா நடத்திய பெரும்பண்ணையின் களிமண் ஏடுகள் பின்னாளில் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கப்பட்டு பெர்லின், பாரீஸ், பீட்டர்ஸ்பர்க் என்று சிதறிக் கிடக்கின்றன. அவளுடைய சாவுச் செலவும் அவற்றில் இருக்கிறது. ஒப்பாரிப் பூசாரிகள் வந்தார்கள். அடிமைப் பெண்கள் கூட்டமாக வந்து அழுதார்கள். இவர்கள் யாரும் குழிக்குள் இறங்கவில்லை. எத்தனை பேர் வந்தார்கள், யாருக்கு எவ்வளவு ரொட்டி, எவ்வளவு பீர் என்று கணக்கப்பிள்ளை ஒன்றுவிடாமல் குறித்து வைத்திருக்கிறான். அழுது முடித்து, பங்கை வாங்கிக்கொண்டு, பெண்கள் வேலைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.